எட்டில் ஒன்று: ஓர் அச்சகமும் அதன் ஒன்பது மழைக்காலங்களும்

பின்னணி

மதுரையில் வைகையின் வடகரையில், கண்மாய்த் தண்ணீர் மறுகால் பாய்ந்து ஆற்றுக்குப் போகும் கால்வாய் ஒன்று. அதிலிருந்து நூறடி தள்ளி ஓர் அச்சகம். ஆஃப்செட் மெஷின் ஒன்று, கட்டிங் மெஷின் ஒன்று, பைண்டிங்கில் ஏழெட்டுப் பேர். வாடகைக் கட்டடம், தரைத்தளம். இந்த ஆய்வு தொடங்கியபோது அச்சகத்துக்கு 24 வயது முடிந்திருந்தது. குத்தகை இன்னும் 9 வருடம் பாக்கி.

நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுப்பவன். எங்கள் துறைக்கான அச்சு வேலைகள் அங்கேதான் நடக்கும், அப்படிப் பழக்கம். முதலாளி என்னைத் தம்பி என்பார், நான் அவரை அண்ணே என்பேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். இடம் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் காலண்டர் வருடங்களை விட்டுவிட்டு, அச்சகத்தின் வயதை வைத்தே சொல்கிறேன்.

அச்சகத்துக்கு வருடத்தில் இரண்டு சீசன். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி நோட்டு. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை டைரியும் தினசரி நாள்காட்டியும். இரண்டாவதுதான் பெரியது. அக்டோபர் முதல் வாரத்தில் உள்ளே போனால் கால் வைக்க இடமிருக்காது. 250 ரீம் வரை (ஒரு ரீம் 500 தாள்), தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கும் அக்டோபர்தான் தொடக்கம். தண்ணீர் வர வாய்ப்புள்ள மாதங்களும் தரையில் காகிதம் நிறைந்திருக்கும் மாதங்களும் ஒன்றாக இருப்பதுதான் இந்த இடத்தின் அடிப்படைச் சிக்கல்.

22-ஆம் வருடத்தில் ஒரு மழைக்கு உள்ளே தண்ணீர் வந்து 3.6 லட்சம் ரூபாய் சேதம். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் சும்மா போனது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவுடன் சேர்ந்த மகன் ஏதாவது செய்தாக வேண்டும் என்றார். அப்பா வேண்டாம் என்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

சுவரில் மூன்று கோடுகள்

முதலில் கேட்டது இதைத்தான்: இதுவரை எத்தனை தடவை உள்ளே தண்ணீர் வந்திருக்கிறது? முதலாளி ரெண்டு என்றார். கணக்குப் புத்தகத்திலும் இரண்டுதான் இருந்தது, 14-ஆம் வருடமும் 22-ஆம் வருடமும்.

பைண்டிங்கில் ஓர் அக்கா இருக்கிறார். அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தாள் மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, கட்டிங் மெஷினுக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். சுண்ணாம்புக்கு மேல் பென்சிலால் இழுத்த மூன்று கோடுகள். தரையிலிருந்து 4 அங்குலம், 6 அங்குலம், 11 அங்குலம். “அடியில கெடக்குறது மொதத் தடவை வந்தது சார். எம்பொண்ணு அப்ப ஒண்ணாப்பு.” மகள் ஒன்றாம் வகுப்புப் படித்த வருடத்தை எண்ணிப் பார்த்தோம். அச்சகத்தின் 5-ஆம் வருடம். புத்தகத்தைத் திரும்பப் புரட்டியபோது அந்த வருடம் நவம்பரில் “சேதாரம்” என்று 40,000 ரூபாய் எழுதியிருந்தது. மழை என்ற வார்த்தை இல்லை.

ஆக, 24 வருடத்தில் 3 வருடம். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் 12-ல் ஒன்று என்று கணக்குப் போட்டிருப்பேன். உண்மையில் அது எட்டில் ஒன்று.

மூன்று பேர், மூன்று கணக்கு

எட்டில் ஒன்று என்றதும் முதலாளி சொன்னது: “அப்ப எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை. போன தடவை வந்து ரெண்டு வருஷம்தான ஆச்சு? இன்னும் ஆறு வருஷத்துக்குப் பயமில்ல தம்பி.”

மகன் செல்போனில் தட்டினார். வருடத்துக்கு 12.5 சதவீதம், 9 வருடத்துக்கு 112.5 சதவீதம். நூறைத் தாண்டியதைப் பார்த்து அவரே நிறுத்திவிட்டார். “எங்கயோ தப்பு சார்” என்றார்.

எதிர்வரிசைக் கடைக்காரர் டீ குடிக்க வந்தவர். அவருக்கும் அங்கே 24 வருடம். “எங்க கடைக்குள்ள ஒரு தடவகூட வரல. நமக்கு ஆபத்தே இல்ல” என்றார்.

இந்த மூன்றையும் வகுப்பில் வருடாவருடம் கேட்கிறேன். சொல்பவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி சரி இருக்கிறது. அதனால்தான் பொறுமையாக உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு

வரும் வாய்ப்புகளைக் கூட்டக் கூடாது. வராமல் இருக்கும் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும். ஒரு வருடம் தண்ணீர் வராமல் தப்பிக்கும் வாய்ப்பு எட்டில் ஏழு, அதாவது 0.875. இரண்டு வருடமும் தப்பிக்க வேண்டுமானால் 0.875-ஐ 0.875-ஆல் பெருக்க வேண்டும், 0.77. இப்படியே ஒன்பது தடவை பெருக்கினால் 0.30. ஒன்பது வருடமும் தப்பிக்க 30 சதவீதம் வாய்ப்பு. மீதி 70 சதவீதம், ஒரு தடவையாவது தண்ணீர் உள்ளே வரும் வாய்ப்பு. பாடப்புத்தகத்தில் குவிவு நிகழ்வெண் என்று, அதுவரை வந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டே போகும் எண்ணைப் படிக்கிறோமே, அதே குவிவுதான் இங்கே ஆபத்துக்கு. வருடத்துக்கு வருடம் சேர்ந்துகொண்டே போகும், ஆனால் நூறைத் தொடவே தொடாது. மகனின் 112.5-க்குப் பதில் அதுதான்.

முதலாளியின் ஆறு வருடத்தையும் போட்டோம். ஆறு வருடத்துக்குள் ஒரு தடவையாவது வர 55 சதவீதம். எட்டு வருடத்துக்கு 66 சதவீதம். “எட்டு வருடத்துக்கு ஒரு தடவை” என்கிற இடத்தில் எட்டு வருடமும் வராமலேயே போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அடுத்தடுத்த வருடம் இரண்டு தடவை வரவும் வாய்ப்பு இருக்கிறது. சராசரி இடைவெளி என்பது முறை வைத்துக்கொண்டு வருவது கிடையாது. நூறு வருடத்துக்கு ஒரு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வதும் இப்படித்தான். எந்த ஒரு வருடத்திலும் 1 சதவீதம் என்பதே அதன் பொருள். 30 வருடக் கடனில் வீடு வாங்கி அங்கே குடியிருப்பவருக்கு அது 26 சதவீதம்.

எதிர்க்கடைக்காரருக்கு ஒரு சுலபமான விதி இருக்கிறது. ஒரு விஷயம் குறிப்பிட்ட தடவைகளில் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால், 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான வாய்ப்பு அதிகபட்சம் அந்த அளவு வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 3-ஐ 24-ஆல் வகுத்தால் எட்டில் ஒன்று. ஒரு தடவைகூட வராத அவருடைய 24 வருடம், எங்கள் அச்சகத்தின் எட்டில் ஒன்றைக்கூட முழுதாக மறுத்துவிடவில்லை.

என் கணக்குக்கும் அதே கண்டிப்பு வேண்டும். 24-ல் 3 என்பது சின்ன எண்ணிக்கை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வாய்ப்பு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்கிற எல்லை, போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்து 32 சதவீதம் வரை விரிகிறது. 3 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 9 வருடத்தில் 24 சதவீதம் ஆகிவிடுகிறது. 32 என்றால் 97. முதலாளி இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கம்மியாப் பாத்தாலும் நாலுல ஒண்ணா?” ஆமாண்ணே, நாலில் ஒன்று. எழுபது என்ற ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ரொம்பத் தாராளமாகப் பார்த்தாலும் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் அவரை அசைத்தது.

மொத்தத் தொகை மறைத்தது

சேதத்துக்கும் முதலாளியிடம் ஒரு கணக்கு இருந்தது. மூன்று தடவையும் சேர்த்து 40,000, 1.1 லட்சம், 3.6 லட்சம், மொத்தம் 5.1 லட்சம். “இருபத்திநாலு வருஷத்துக்கு அஞ்சு லட்சம். வருஷத்துக்கு இருபத்தோராயிரம். டீச் செலவு.”

கூட்டலும் வகுத்தலும் சரி. ஆனால் மொத்தம் என்று ஒரே எண்ணாக்கிவிட்டால் எது எப்போது வந்தது என்பது மறைந்துபோகும். ஒரு கோட்டுத்தாளில் குறுக்கே வருடங்களையும் மேலே அதுவரையான மொத்தச் சேதத்தையும் வைத்து வரைந்தோம். படிக்கட்டு மாதிரி வந்தது: நீண்ட சமதளம், சின்னப் படி, நீண்ட சமதளம், நடுத்தரப் படி, சமதளம், கடைசியில் ஆளுயரப் படி. மொத்தத்தில் 70 சதவீதம் கடைசி ஒரே மழையில். பழைய ரூபாயின் மதிப்பைச் சரிக்கட்டினால் வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனால் சுவரில் உள்ள கோடுகளும் 4, 6, 11 என்றுதான் ஏறுகின்றன. அடுத்த படியும் சின்னதாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. வருடத்துக்கு 21,000 என்கிற சராசரியை ஒரு வருடத்திலும் யாரும் கட்டவில்லை. பெரும்பாலான வருடங்களில் பூஜ்யம், ஒரு வருடம் 3.6 லட்சம்.

குவிவு எண் ஒருபோதும் இறங்காது. 2020-ல் தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறை அறிக்கையில் கொரோனாவின் மொத்த பாதிப்பு என்று ஒரு எண் வரும், நினைவிருக்கும். தொற்று குறையத் தொடங்கிய பிறகும் அது ஏறிக்கொண்டே இருந்தது. பார்க்க வேண்டியது உயரத்தை இல்லை, சரிவை. கோடு எங்கே செங்குத்தாகிறது, எங்கே படுக்கிறது என்பதை. இதை நானே அடுத்த பகுதியில் மறந்தேன்.

எடுத்த முடிவுகள்

தரையை ஒன்றரை அடி உயர்த்த 1.8 லட்சம் ஆகும். வாடகைக் கட்டடத்தில் முதலாளி அதைச் செய்யத் தயாராக இல்லை, கட்டடச் சொந்தக்காரரும் கேட்டபோது பிடி கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மட்டும் மாடி அறை ஒன்றை எடுத்து எல்லாச் சரக்கையும் அங்கே வைப்பதற்கு வருடம் 18,000 வாடகை, தினமும் தாள் ஏற்றி இறக்கும் கூலி தனி. அதுவும் கட்டுப்படியாகாது.

கடைசியில் 65,000 ரூபாய்க்கு ஆங்கிள் ரேக் போடுவது என்று முடிவானது. கீழ்த்தட்டு தரையிலிருந்து இரண்டு அடி. இதுவரை வந்த உச்சம் 11 அங்குலம் என்பதால் அதைப் போல் இரண்டு மடங்குக்குமேல். ரேக்கில் 200 ரீம் ஏறும். மீதி 50 ரீமும் மெஷின் மோட்டாரும் தரையில்தான் இருக்கும்.

காப்பீடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீ காப்பீடு ஏற்கெனவே இருந்தது, ஆனால் கட்டடத்தின் உள்ளே இருக்கும் மெஷினுக்கு மட்டும். 2021 ஏப்ரலிலிருந்து 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான பாலிசி இருக்கிறது, வெள்ளமும் அதில் அடங்கும். சரக்கின் மதிப்பையும் காட்டி அதை எடுத்தார்கள்.

தரையில் இருக்கும் 50 ரீமை எப்போது தூக்குவது என்பதற்கு ஒரு விதி தேவைப்பட்டது. அதை நான் வகுத்தேன், தவறாக வகுத்தேன்.

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடி வந்தால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் பழகிப்போன முறை. அணை மட்டம் என்பது சேர்ந்த அளவு, ஒரு குவிவு அளவை. என் மனதில் அதுதான் ஓடியது. மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து, அக்டோபர் 1 முதல் பெய்த மொத்த மழையைப் பலகையில் எழுதிவரச் சொன்னேன். 150 மில்லிமீட்டரைத் தாண்டினால் தரைச்சரக்கை மாடிப்படிக்கு மேல் ஏற்றிவிட வேண்டும். கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் அளவுக்கு மண் ஊறிய பிறகுதான் கால்வாய் வழியும் என்பது என் காரணம். முழுக்கத் தப்பான காரணமும் இல்லை.

அன்று அக்கா ஒன்று சொன்னார். “எம்புட்டு மழைன்னு பாக்காதீங்க சார். ரோட்டுப் பாலத்துக் கண்ணு தெரியுதா இல்லையான்னு பாருங்க.” கண் என்றால் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் திறப்பு. என் நோட்டில் எழுதிக்கொண்டேன். விதியில் சேர்க்கவில்லை. எண்ணாக மாற்றத் தெரியவில்லை என்பதுதான் காரணம். இப்போது யோசித்தால், அதை எண்ணாக மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை.

25-ஆம் வருட மழைக்காலம்

நவம்பர் நடுவில் மொத்தம் 150-ஐத் தாண்டியது. சரக்கை ஏற்றினார்கள், மூன்று ஆளுக்கு அரைநாள் வேலை. தண்ணீர் வரவில்லை.

26-ஆம் வருடம், அக்டோபர்

அன்று காலை 8.30-க்குப் பலகையில் 61 மில்லிமீட்டர் என்று இருந்தது. மதியம் 2 மணிக்கு லாரியில் 60 ரீம் ஆர்ட் பேப்பர் வந்தது. நாள்காட்டி அட்டைப் படத்துக்கானது. இறக்கியவர்கள் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே அடுக்கிவிட்டுப் போனார்கள். 61 தானே, 150-க்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று மகன் நினைத்திருக்கிறார். நான் அங்கே இருந்திருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன்.

3.20-க்கு மழை தொடங்கியது. பத்து நிமிடத்தில் கரண்ட் போனது. 3.45-க்கு அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பாலம் வரை போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி ஓடி வரும்போதே சத்தம் போட்டிருக்கிறார்: “கண்ணு அடைச்சிருச்சு, தூக்குங்கப்பா.” பாலத்துக்கு அடியில் மூன்று கண். இரண்டில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்து, கால்வாய்த் தண்ணீர் ரோட்டு மட்டத்துக்கு வந்திருந்தது.

வெளிக்கதவு வழியாக வரும் என்று எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது குளியலறையில். தரை ஓட்டையில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். சாக்கடைக் குழாயும் அந்தக் கால்வாயில்தான் சேர்கிறது. கால்வாய் மட்டம் உயர்ந்ததும் தண்ணீர் எதிர்த்து ஏறிவிட்டது. 4.10-க்கு வாசலிலும் நுழைந்தது. செல்போன் வெளிச்சத்தில் ஒன்பது பேர் வரிசையாக நின்று கைமாற்றி 44 ரீமைப் படிக்கட்டில் ஏற்றினார்கள். அடியில் இருந்த இரண்டு வரிசை, 16 ரீம், நனைந்துவிட்டது. மழை 4.35-க்கு விட்டது. தண்ணீர் 9 அங்குலம் வரை வந்து நின்றது. அக்கா அன்றைக்கே நான்காவது கோட்டைப் போட்டுவிட்டார்.

மழைமானியில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு 70 மில்லிமீட்டர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டாலே வானிலை ஆய்வு மையம் அதைக் கனமழை என்கிறது. 70 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏக்கர் நிலத்தில் 2.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி 23 வந்து ஒரு ஏக்கரில் கொட்டினது மாதிரி. அச்சகத்தைச் சுற்றிலும் எத்தனை ஏக்கர் சிமெண்டும் தாருமாக இருக்கிறது என்று பார்த்தால் கால்வாய்க்கு என்ன ஆகியிருக்கும் என்று புரியும்.

ஆனால் பலகையில் என்ன கூடியது? 61 மறுநாள் காலை 131 ஆனது. அப்போதும் 150-ஐத் தொடவில்லை. என் விதிப்படி, வெள்ளம் வந்து வடிந்த பிறகும் ஆபத்து இல்லை.

சேதமும் தப்பியதும்

ரேக்கில் இருந்த 180 ரீமில் ஒரு தாள்கூட நனையவில்லை. இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு வைத்தார்கள். ஈரக்காற்றை இழுத்தாலே தாளின் ஓரம் அலை அலையாக எழும்பிவிடும், மெஷினில் கலர் மேல் கலர் சரியாக உட்காராது. அதனால் கீழ்த்தட்டில் இருந்த 20 ரீமைக் கலர் வேலைக்கு எடுக்காமல் உள்தாளுக்கு ஒதுக்கினார்கள்.

நனைந்த 16 ரீமுக்கு 42,000. கட்டிங் மெஷின் மோட்டாருக்குத் திரும்பக் காயில் கட்ட 6,500. மொத்தம் 48,500. காப்பீட்டு சர்வேயர் நான்காம் நாள் வந்து பார்த்தார், பிடித்தம் போக 34,000 கிடைத்தது. ரேக் இல்லாத பழைய ஏற்பாட்டில் அன்றைக்கு உள்ளே இருந்த 240 ரீமில் பாதியாவது தண்ணீரில் நின்றிருக்கும்.

ஆக, குவிவு ஆபத்தைப் போட்டு எடுத்த முடிவு தாங்கியது. குவிவு மழையை வைத்து நான் போட்ட விதி தாங்கவில்லை.

எங்கே பிசகியது

அணை நிரம்ப நாள்கணக்கில் ஆகும். அங்கே சேர்ந்த அளவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், எச்சரிக்கை விட நேரம் இருக்கிறது. கால்வாய்க்கு அவ்வளவு நேரம் கிடையாது. அங்கே கேள்வி மொத்தம் எவ்வளவு பெய்தது என்பது கிடையாது, எவ்வளவு நேரத்துக்குள் பெய்தது, வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த 9.8 சென்டிமீட்டரில் 4.5 சென்டிமீட்டர், மாலை 3 மணியிலிருந்து 3.15-க்குள் கொட்டியது. அன்றைய மொத்தத்தை மட்டும் எழுதி வைத்தால் அந்தக் கால்மணி நேரம் எங்கேயும் தெரியாது. மாத மொத்தத்தில் அந்த நாளே தெரியாது. நல்ல மழை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்னொரு பிசகு, வருடங்களை ஒன்றுக்கொன்று சாரா நிகழ்ச்சிகளாக எடுத்துக்கொண்டது. 0.875-ஐ ஒன்பது தடவை பெருக்கியதில் அந்த அனுமானம் ஒளிந்திருக்கிறது. சென்ற வருடம் மழை பெய்தது என்பதற்காக இந்த வருட மழை கூடவோ குறையவோ செய்யாது, சரி. கால்வாய் அப்படியா? தூர்வாராத ஒவ்வொரு வருடமும் மண் ஏறுகிறது. மேட்டில் ஒரு காலி மனை வீடாகும்போதெல்லாம் கூடுதல் தண்ணீர் இறங்குகிறது. 5-ஆம் வருடத்தின் எட்டில் ஒன்றும் 26-ஆம் வருடத்தின் எட்டில் ஒன்றும் ஒன்றாக இருக்க முடியாது. வெள்ளம் வந்த வருடங்களைப் பாருங்கள்: 5, 14, 22, 26. இடைவெளி 9, 8, 4. நான்கே நான்கு எண்களை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

மறுகணக்கு

வெள்ளம் வடிந்த வாரம் முதலாளி போனில் கேட்டார்: “இனி கொஞ்ச வருஷத்துக்கு வராதுல்ல தம்பி? இப்பத்தான வந்துட்டுப் போச்சு.” நேரில் போய் உட்கார்ந்து திரும்பப் போட்டோம். இப்போது 26 வருடத்தில் 4. வருடத்துக்கு 15 சதவீதத்துக்குச் சற்று மேல். குத்தகை பாக்கி 7 வருடம். ஏழு வருடமும் தப்பிக்க 31 சதவீதம், ஒரு தடவையாவது வர 69 சதவீதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் 9 வருடத்துக்குப் போட்டது 70. இரண்டு வருடம் கழிந்திருக்கிறது, ஒரு வெள்ளத்தையும் பார்த்தாயிற்று, பாக்கி ஆபத்து ஒரு சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. அவர் அந்த இரண்டு எண்ணையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றியவை

மொத்த மழைப் பலகை இப்போதும் இருக்கிறது, கண்மாய் நிலவரம் தெரிய உதவும். முடிவு எடுக்க அதைப் பார்ப்பதில்லை. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 15 வரை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தரையில் ஒரு ரீம்கூட வைப்பதில்லை என்று ஆகிவிட்டது. கூடுதலாக ஒரு ரேக் போட்டு, அந்த மாதங்களில் ஸ்டாக்கையும் 230 ரீமோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அக்டோபரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், எனவே லாரியைக் காலையில் வரச் சொல்கிறார்கள். மோட்டார் ஒன்றரை அடி இரும்பு ஸ்டாண்டில் ஏறிவிட்டது. குளியலறை ஓட்டைக்குத் திருகி மூடும் மூடி.

பாலத்துத் தூணில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால், அல்லது மழைமானியில் கால்மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் ஏறினால், மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் தூக்க வேண்டும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் பொறுப்பு அக்காவுக்கு, மழைக்கால மூன்று மாதமும் அதற்குத் தனியாகச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். “பரவால்ல சார், இப்பவாச்சும் எழுதிட்டீங்கள்ல” என்றார்.

குத்தகையை 15 வருடத்துக்கு நீட்டிக்கலாமா என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்டிருந்தார். முதலாளி இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை, மகனை உட்காரவைத்து அவரே போட்டிருக்கிறார். 15 வருடத்துக்கு 92 சதவீதம் என்று வந்திருக்கிறது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய், தரையை உயர்த்திக் கொடுத்தால் கையெழுத்து, இல்லையென்றால் 7 வருடம் முடிந்ததும் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டார். செலவில் பாதி அவர், பாதி இவர் என்று பேசி முடித்திருக்கிறார்கள். நாள்காட்டி வேலை முடிந்து, பொங்கலுக்கு அப்புறம் மண் அடிக்கிறார்கள். அதுவரைக்கும் தரை காலியாகவே கிடக்கிறது.